சோனி 6400க்கு ஒரே ஒரு ஜூம்: சிக்மா 18-50ஆ, டாம்ரான் 17-70ஆ? வீட்டுக்கும் ஆவணும், போர்ட்ரெய்ட்டுக்கும் ஆவணும்

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம் மக்களே. ஊரு கடலூர், மஞ்சக்குப்பம் பக்கம். சோனி ஏ6400 வெச்சிருக்கேன், கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ்லதான் இத்தனை நாளா ஓட்டிக்கிட்டு இருக்கேன். எடுக்கறது பெரும்பாலும் வீட்டு சமாச்சாரம்தான், பாப்பாவுக்கு மூணு வயசு, ஒரு இடத்துல நிக்காது, சாயங்காலம் ஆனா சில்வர் பீச், லீவு வந்தா பாண்டி, அப்பறம் எங்க சொந்தத்துல முக்கால்வாசி கல்யாணம் திருவந்திபுரத்துலதான் நடக்கும், தாலி கட்டி முடிஞ்ச உடனே சித்தி பசங்க எல்லாம் "ஒரு நல்ல டிபி எடுத்துக் குடு"ன்னு சுத்தி நின்னுக்குவாங்க. மூஞ்சி பளிச்சுன்னு இருக்கணும் பின்னாடி எல்லாம் கரைஞ்சு போவணும்னு கேக்கறாங்க, கிட் லென்ஸ்ல அது வர மாட்டேங்குது.

ஒரே லென்ஸா வாங்கணும். பீச்ல மணல்ல நின்னுக்கிட்டு கழட்டி மாட்டற வேலை நமக்கு ஆகாது. தேடித் தேடி ரெண்டுல வந்து நிக்குது: சிக்மா 18-50 எஃப் 2.8, டாம்ரான் 17-70 எஃப் 2.8 (18-50, 17-70ன்றது எம்எம்ல ஜூம் ரேஞ்ச், எஃப் நம்பர் சின்னதானா லென்ஸ் அகலமாத் திறக்கும், வெளிச்சம் கூட வரும்). டாம்ரான் விலையும் கூட, சைஸும் கூட. என் சந்தேகம் இதான், ரெண்டுமே 2.8ன்னா பின்னாடி ப்ளர் ரெண்டுலயும் ஒண்ணாத்தானே வரணும்? கடைசில இருக்கற அந்த 20 எம்எம்முக்கா இவ்ளோ காசு?

பழைய_ஸ்டுடியோ (புதுச்சேரி)

தம்பி, லென்ஸ் பேரெல்லாம் அப்பறம். முதல்ல ஒரு வேலை பண்ணுங்க, இதுவரைக்கும் எடுத்ததுல உங்களுக்குப் புடிச்ச போட்டோவையெல்லாம் கம்ப்யூட்டர்ல திறந்து ஒவ்வொண்ணும் எத்தனை எம்எம்ல எடுத்ததுன்னு பாருங்க. ஃபைலோட டீட்டெயில்ஸ்லயே இருக்கும். எல்லாம் 16, 20ன்னு கெடந்தா அது ஒரு கதை, 50ல போய் முட்டிக்கிட்டு நின்னிருந்தா அது வேற கதை.

நான் ஃபிலிம் காலத்துல இருந்து கல்யாணம் எடுக்கறவன். அப்பல்லாம் மூஞ்சின்னா 85, 105ன்னு ஒரு கணக்கு. உங்க கேமரா சென்சார் சின்னது, ஒன்றரையால பெருக்கிக்கணும், 50 வந்து 75 ஆவும், 70 வந்து 105 ஆவும். அந்தக் கணக்குப்படி ரெண்டுமே மூஞ்சிக்கு ஆவற லென்ஸ்தான், சண்டை போட ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு. கிட் லென்ஸ்ல மூஞ்சி நல்லா வரலன்னா அதுக்கு லென்ஸ் மட்டுமே காரணம் கிடையாது. பசங்க கிட்ட போய் முட்டி நின்னு 20ல எடுப்பாங்க, மூக்கு பெருசாத் தெரியும், காது காணாமப் போயிடும், அப்பறம் லென்ஸ் சரியில்லம்பாங்க. அது நீங்க நின்ன தூரத்தோட வேலை. ஒன்றரை ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுத்துப் பாத்துட்டு வாங்க.

லென்ஸ்_பைத்தியம் (லாஸ்பேட்டை)

ப்ளர் கேள்விக்கு நான் வரேன், கொஞ்சம் கணக்கு இருக்கும் பொறுத்துக்கோங்க.

2.8ன்றது ஒரு வகுத்தல்தான். ஃபோக்கல் லெங்த்தை, அதாவது அந்த எம்எம் நம்பரை, அதால வகுத்தா லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையற ஓட்டையோட அகலம் வரும். 50ஐ 2.8ஆல வகுத்தா சுமார் 18 எம்எம். 70ஐ வகுத்தா 25. உங்க கிட் லென்ஸ் 50க்குப் போனா 5.6 ஆயிடுது இல்ல, அதனால அது வெறும் 9. ஆளை ஃப்ரேம்ல அதே சைஸ்ல வெச்சுக்கிட்டு, ரொம்ப தூரத்துல இருக்கற பேக்ரவுண்டு எவ்வளவு கரையும்னு பாத்தா அதைத் தீர்மானம் பண்றது இந்த அகலம்தான். சிக்மா உங்க கிட்டை விட டபுள். டாம்ரான் அதுக்கும் மேல கிட்டத்தட்ட நாப்பது பர்சென்ட். சில்வர் பீச்ல ஆளை நிறுத்தி பின்னாடி கடல், படகுன்னு வர்ற படத்துல இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆனா மூஞ்சில எவ்வளவு ஆழத்துக்கு ஷார்ப்பா இருக்கும்னு கேட்டா ரெண்டும் ஒண்ணுதான். 50ல ஒன்றரை மீட்டர்ல நின்னு எடுத்தாலும் சரி, 70ல ரெண்டு மீட்டருக்குச் சொச்சம் பின்னாடி போயி அதே ஃப்ரேம் வெச்சாலும் சரி, சுமார் பத்து சென்டிமீட்டர். ரெண்டும் 2.8 தானே ஒண்ணாத்தானே வரணும்னு நீங்க கேட்டது அந்த அளவுக்கு சரி. இந்த ரெண்டு விஷயத்தையும் போட்டுக் குழப்பிக்கிட்டுதான் பாதி வீடியோக்காரங்க பேசறாங்க.

நிஜமாவே கரைஞ்சு போவணும்னா ஜூமை மறந்துருங்க, சிக்மா 56 எஃப் 1.4 பிரைம் (ஜூம் இல்லாத, ஒரே எம்எம் லென்ஸ்) வாங்குங்க. 56ஐ 1.4ஆல வகுத்துப் பாருங்க, 40. கிட்ட வராது எந்த 2.8 ஜூமும். வெயிட்டும் பாருங்க, சிக்மா 18-50 வெறும் 290 கிராம், 56 வந்து 280 கிராம், ரெண்டும் சேத்து 570. டாம்ரான் ஒண்ணே 525. ரெண்டு சிக்மாவுக்கும் ஃபில்டர் சைஸ் அதே 55தான்.

ஃபுல்ஃப்ரேம்_ரசிகன்

ப்ரோ பேசாம டாம்ரான் 35-150 போங்க, எஃப் 2ல இருந்து 2.8. ஒரே லென்ஸ்ல கல்யாணமே முடிச்சுடலாம்.

பழைய_ஸ்டுடியோ (புதுச்சேரி)

ஏம்பா, அது 1165 கிராம். அவரு கேமரா பேட்டரியோட 403. ஒரு கையில பாப்பா, ஒரு கையில அதுவா? அது பெரிய சென்சார் கேமராவுக்கு செஞ்ச லென்ஸ், இவரு கேமராவுல 35ன்றது 50 மாதிரி ஆயிடும், வீட்டுக்குள்ள சுவத்துல முதுகு ஒட்டிக்கும். டாம்ரானோட 28-75ம் இதே கதைதான், இவருக்கு அது 42ல ஆரம்பிக்கும்.

ஃபுல்ஃப்ரேம்_ரசிகன்

சரி சரி, ஆசைக்கு சொன்னேன் 😄

குருசுக்குப்பம்_அக்கா

நான் குழந்தைங்க ஷூட், கர்ப்பிணி ஷூட் எடுக்கறவ, ஒயிட் டவுன்தான் எனக்கு ஸ்டுடியோ. லென்ஸ்_பைத்தியம் தம்பி கணக்கெல்லாம் சரிதான், ஆனா மூணு வயசுக் குழந்தை உங்க கணக்குக்கு நிக்காது. நீங்க ரெண்டு மீட்டர் பின்னாடி போனா அது ரெண்டு மீட்டர் உங்க கிட்ட ஓடி வரும். பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல கட்டிலும் பீரோவும் போக மிச்ச இடம் எவ்வளவு இருக்கப் போவுது? வீட்டுக்குள்ள நான் 23, 35 இந்த ரேஞ்ச்லதான் இருப்பேன், 70 வரைக்கும் திருப்பவே சந்தர்ப்பம் வராது. சிக்மா 18ல வெச்சா 12 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போயி ஃபோகஸ் புடிக்கும், குழந்தை விரல், கொலுசு இதெல்லாம் அருமையா வரும்.

டாம்ரான்ல விசின்னு ஒரு ஸ்டெபிலைசேஷன் இருக்கு, சிக்மாவுல இல்ல, ஏ6400 பாடிக்குள்ளயும் இல்ல. அதைச் சொல்லியே விக்கறாங்க. அது உங்க கை நடுக்கத்துக்குத்தான், குழந்தை ஓடறதை அது நிறுத்தாது. ஓடற குழந்தைக்கு ஷட்டர் ஒரு செகண்டுல 250ல ஒரு பங்காவது வேணும், முடிஞ்சா அதுக்கும் மேல. அதுக்குத்தான் 2.8 உதவும், கிட்ல 5.6ல ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தாதப்ப கேமரா ஏத்தற நம்பர், ஏற ஏற படம் பொரிப்பொரியாவும்) 6400 ஏறிடும்னா அதே இடத்துல 2.8ல 1600 போதும். வீடியோ எடுப்பீங்கன்னா மட்டும் விஷயம் வேற, அங்க விசி இல்லாம கையில புடிச்சா ஆடும்.

அப்பறம் ப்ளர் ப்ளர்னு எல்லாரும் அடிச்சுக்கறீங்களே, பாண்டி வந்து நம்ம ஆளுங்க எடுக்கற போர்ட்ரெய்ட் எத்தனை நிஜமாவே பேக்ரவுண்டு தூரமா இருக்கு? துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதி, மஞ்ச சுவரு, காகிதப்பூ, ஆளை சுவத்துலயே சாய்ச்சு நிறுத்துவாங்க. அங்க கரையறதுக்கு என்ன இருக்கு? 1.4ம் ஒண்ணுதான், 5.6ம் ஒண்ணுதான். பாக்க வேண்டியது மஞ்ச சுவத்துல வெயில் பட்டு மூஞ்சில மஞ்சளா திரும்பி அடிக்குதே அதைத்தான், காமாலை வந்த மாதிரி ஆயிடும், நிழல் பக்கம் சுவத்துக்கு மாத்தி நிறுத்துங்க. பீச் ரோட்டுல சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னாடி எறங்கிடும், கட்டட நிழல் ரோட்டுல விழும், கிழக்கே கடல் மேல வானம் பூரா தொறந்து கெடக்கும். ஆளைக் கடலைப் பாத்து நிறுத்திப் பாருங்க, அந்த வெளிச்சத்துல கிட் லென்ஸே நல்லா எடுக்கும். ஆறு மணிக்கு மேல வண்டியும் விட மாட்டாங்க, நடு ரோட்டுலயே பின்னாடி போயிக்கிட்டே எடுக்கலாம்.

என் ஓட்டு சிக்மாவுக்கு.

எல்லாமே_ஒண்ணுல (நெல்லிக்குப்பம்)

யாருமே சோனி 18-135 பத்திப் பேசலயே. 325 கிராம்தான், ஸ்டெபிலைசேஷன் இருக்கு. லென்ஸ்_பைத்தியம் சொன்ன அதே கணக்கைப் போடறேன், 135ஐ 5.6ஆல வகுத்தா 24. டாம்ரான் 70ல 25. அப்ப ரெண்டும் ஒரே ப்ளர்தானே? டாம்ரானுக்கு எதுக்கு காசு? மாசி மகத்துக்கு சில்வர் பீச்ல சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது கூட்டத்துக்குப் பின்னாடி நின்னு 135ல இழுத்து எடுக்கறது ஒரு சொகம், 50 வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?

லென்ஸ்_பைத்தியம் (லாஸ்பேட்டை)

ஆஹா நல்ல பாயிண்டு, நான் எதிர்பார்க்கல. கணக்கு சரி, ஆனா "ரொம்ப தூரத்து பேக்ரவுண்டு"ன்னு நான் சொன்ன வார்த்தையை விட்டுட்டீங்க. 50ல ஒன்றரை மீட்டர்ல நின்னு எடுக்கற அதே நெஞ்சளவு ஃப்ரேம் 135ல வேணும்னா நாலு மீட்டர் தள்ளிப் போவணும். அப்ப ஆளுக்குப் பின்னாடி ஒரு மீட்டர்ல சுவரோ புடவைக் கூட்டமோ இருந்தா 135ல ப்ளர் கம்மி, 50 எஃப் 2.8 அதை விட நல்லா கரைக்கும். போட்டுப் பாத்தேன், பேக்ரவுண்டு ஆளுக்குப் பின்னாடி சுமாரா ஆறு மீட்டர் தாண்டினாத்தான் 18-135 சிக்மாவை ஜெயிக்குது. பீச்ல ஜெயிக்கும். கல்யாண மண்டபத்துல தோத்துடும். டாம்ரான் 70 எங்க நிறுத்தினாலும் ரெண்டையுமே ஜெயிச்சுடுது, அது வேற விஷயம். மூஞ்சி ஆழமும் 5.6ல இருபது சென்டிமீட்டர் ஆயிடும், அது சில பேருக்கு நல்லதுதான், ரெண்டு கண்ணும் காதும் சேந்து ஷார்ப்பா இருக்கும்.

நாலு மீட்டர்ல நின்னு சித்தி பசங்களை "தலையைத் திருப்பு"ன்னு கத்தணும், அதையும் சேத்துக்கோங்க.

எல்லாமே_ஒண்ணுல (நெல்லிக்குப்பம்)

கத்துனா என்ன, கல்யாண வீட்ல யாரு கத்தல? ஆனா ராத்திரி ரிசப்ஷன்ல 5.6 கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஃப்ளாஷ் போட்டுக்குவேன் நானு.

உப்புக்காத்து (கடலூர் ஓ.டி.)

துறைமுகத்துக்குப் பக்கத்துல வீடு. ப்ளர், எம்எம் எல்லாம் பேசுங்க, கடலோரத்துல இருக்கறவன் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி வேற. டாம்ரான் 17-70ல பல இடத்துல ஈரம் உள்ள போகாம ரப்பர் சீல் குடுத்திருக்காங்க, முன் கண்ணாடிலயும் தண்ணி, எண்ணெய் ஒட்டாத கோட்டிங் இருக்கு. சிக்மாவுல கேமராவோட சேர்ற மவுண்ட்ல மட்டும்தான் சீல். அதுக்காக டாம்ரானை அலைல நனைக்கலாம்னு அர்த்தம் இல்ல. ரெண்டுமே ஜூம் பண்ணா வெளிய நீளற டைப், நீளும்போது காத்தை உள்ள இழுக்கும், காத்தோட சேத்து என்ன இருக்கோ அதையும்தான். பீச்ல காத்து மணலை வாரி அடிக்கற நேரத்துல ஜூமை சும்மா சும்மா திருப்பாதீங்க. வீட்டுக்கு வந்ததும் நீளற அந்தக் குழாயை முழுசா வெளிய இழுத்து, லேசா ஈரம் பண்ண துணியால தொடைச்சு, காஞ்ச துணியால இன்னொரு தடவை தொடைச்சுட்டு உள்ள தள்ளுங்க. உப்பு படிஞ்சதோட அப்படியே பையில போட்டா வேலையக் காட்டிடும்.

ஃபங்கஸ்தான் நம்ம ஊரு எமன். ஐப்பசி கார்த்திகை மழைல லென்ஸை துணிப் பையிலயே பீரோவுல பூட்டி வெச்ச கூட்டாளி ஒருத்தன் பொங்கலுக்குத் தொறந்து பாத்தான், உள்ள கண்ணாடில வலை மாதிரி படர்ந்திருந்துச்சு. ட்ரை கேபினெட் வாங்க முடிஞ்சா வாங்குங்க. முடியலன்னா காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், உள்ள 40ல இருந்து 50 பர்சென்ட்டுக்குள்ள காட்டினா நிம்மதி. ஜெல் கலர் மாறினா வறுத்து திரும்பப் போடலாம். லென்ஸ் பட்ஜெட்ல இதுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்க, எது வாங்கினாலும்.

கெடிலக்கரை (கடலூர்)

யப்பா, இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல. ஸ்டுடியோ அண்ணன் சொன்ன மாதிரி உக்காந்து பழைய போட்டோ எல்லாம் பாத்தேன். அக்கா சொன்னது அப்படியே இருக்கு, வீட்டுக்குள்ள எடுத்தது முக்கால்வாசி 16ல இருந்து 30க்குள்ள. ஆனா பீச், கல்யாணம், பாண்டி போட்டோ எடுத்துப் பாத்தா எல்லாம் 50, 50, 50ன்னு வரிசையா நிக்குது, அதுல பாதியை கிராப் வேற பண்ணி வெச்சிருக்கேன். அப்ப 50 எனக்குப் பத்தலன்னுதானே அர்த்தம்?

வீடியோ எடுக்கறது நான் இல்ல, வீட்ல அவங்க. பாப்பா டான்ஸ் ஆடினா போதும் ரெக்கார்டிங் போட்டுடுவாங்க, ஆடிக்கிட்டே இருக்கும், பாப்பாவும் சரி படமும் சரி. 56 பிரைம் ஆசையாத்தான் இருக்கு ஆனா முதல் பதிவுலயே சொன்னேனே, கழட்டி மாட்ட மாட்டேன்னு.

பழைய_ஸ்டுடியோ (புதுச்சேரி)

அப்ப பதில் உங்க போட்டோவே சொல்லிடுச்சு. ஆனா ஒரு தடவை கையில புடிச்சுப் பாக்காம காசைக் குடுக்காதீங்க. பாண்டில வாடகைக்கு லென்ஸ் குடுக்கறாங்க, கடலூர்லயும் கேட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு எடுத்துக்கிட்டு முகூர்த்த நாளாப் பாத்து திருவந்திபுரம் போங்க. அங்க முகூர்த்தத்துல நிக்க இடமே இருக்காது, பக்கத்துல பக்கத்துல நாலு ஜோடி இருக்கும். அந்தக் கூட்டத்துல 17 போதுமான்னு பாருங்க, ஏன்னா நீங்க 16க்குப் பழகின ஆளு, ரெண்டு லென்ஸ்லயுமே அது போயிடும். சோனியோடதே 16-55 எஃப் 2.8 இருக்கு, ஆனா அது விலைக்கு இந்த ரெண்டுல ஒண்ணை வாங்கிட்டு மிச்சக் காசுல குடும்பத்தோட ஊட்டி போயிட்டு வந்துடலாம்.

குரூப் போட்டோ எடுக்கறப்ப 2.8லயே வெச்சு எடுத்துடாதீங்க தம்பி. ரெண்டு வரிசை நின்னா 5.6க்கு வாங்க, பின் வரிசைல மாமனார் மூஞ்சி மசமசன்னு போச்சுன்னா அதுக்கு நான் பொறுப்பு இல்ல.

புதுசு_கேனான் (முத்தியால்பேட்டை)

இழைக்கு நடுவுல கேக்கறன் தப்பா எடுத்துக்காதீங்க, எங்கிட்ட கேனான் ஆர்50, இந்த சிக்மா நம்மளதுக்கு வருமா?

லென்ஸ்_பைத்தியம் (லாஸ்பேட்டை)

வரும் நண்பா, சிக்மா 18-50 ஆர்எஃப் மவுண்ட்ல 2024ல வந்துடுச்சு. கேனான்ல சின்ன சென்சாருக்கு 1.6ஆல பெருக்கணும், 50 வந்து 80 ஆவும். வாங்கறப்ப பெட்டி மேல மவுண்ட் பேரைப் பாத்து வாங்குங்க, சோனி மவுண்ட் உங்களுக்கு மாட்டாது.

சிக்மா 2025ல 17-40 எஃப் 1.8ன்னு ஒண்ணு விட்டிருக்கான், அதையும் யாராவது கேப்பீங்கன்னு நானே சொல்லிடறேன். 40ஐ 1.8ஆல வகுத்தா 22, டாம்ரானை விடக் கொஞ்சம்தான் கம்மி, இருட்டுல ஒரு ஸ்டாப்புக்கும் மேல லாபம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் டபுள்), ஜூம் பண்ணா வெளிய நீளாது. ஆனா 40ல நின்னுடும், கெடிலக்கரைக்கு 50ஏ பத்தல.

குருசுக்குப்பம்_அக்கா

வாடகைக்கு எடுக்கறப்ப வீட்டுக்காரம்மா கையிலயும் குடுத்துப் பாருங்க தம்பி. 290க்கும் 525க்கும் வித்தியாசம் கடைல அஞ்சு நிமிஷம் புடிச்சா தெரியாது, பீச்ல ஒரு மணி நேரம் கழுத்துல தொங்கினாத்தான் தெரியும்.

கெடிலக்கரை (கடலூர்)

வாடகைக்கு எடுத்துப் பாத்தாச்சு. திருவந்திபுரத்துல 17 போதும், ஒரு எட்டு பின்னாடி வெச்சா சரியாப் போவுது, அந்த ஒரு எட்டு வெக்கறதுக்குள்ள ரெண்டு பேர் காலை மிதிச்சேன். சித்தி பொண்ணை மண்டபத்துக்கு வெளிய தூண் பக்கம் நிறுத்தி 70ல எடுத்ததைப் பாத்துட்டு "இது நானா"ன்னு கேட்டுச்சு. பீச்ல எடுத்ததை கிட் லென்ஸ் படத்தோட பக்கத்துல வெச்சுப் பாத்தேன், 9க்கும் 25க்கும் என்ன வித்தியாசம்னு இப்பப் புரியுது. வீடியோவுல நடந்துக்கிட்டே எடுத்தா இன்னும் ஆடத்தான் செய்யுது, நின்ன இடத்துல நின்னு எடுத்தா நல்லா இருக்கு.

வீட்ல அவங்க வெயிட்டுன்னுதான் சொன்னாங்க. அக்கா சொன்ன மாதிரி கழுத்துல தொங்கறதுதான் பிரச்சனை, குறுக்கால போடற பெல்ட்டா மாத்தினதும் பரவாயில்லன்னுட்டாங்க. டாம்ரானே வாங்கறதா முடிவு பண்ணிட்டேன். லென்ஸ்_பைத்தியம் ப்ரோ கோச்சுக்காதீங்க.

லென்ஸ்_பைத்தியம் (லாஸ்பேட்டை)

கோவமெல்லாம் இல்ல, ஆறு மாசம் கழிச்சு 56 எங்க கிடைக்கும்னு நீங்களே கேப்பீங்க, அப்பப் பேசிக்கலாம் 😉

குருசுக்குப்பம்_அக்கா

சிக்மா கட்சிக்கு ஒரு ஓட்டு போச்சு. பரவாயில்ல, 70ல எடுத்த பாப்பா போட்டோ ஒண்ணு இங்க போடுங்க.

கெடிலக்கரை (கடலூர்)

போடறேன் அக்கா. கடைசியா ஒண்ணு, கிட் லென்ஸுக்கு வாங்கின யூவி ஃபில்டர் 40.5ன்னு போட்டிருக்கு, இதுக்கு சேராதுல்ல?

உப்புக்காத்து (கடலூர் ஓ.டி.)

சேராது, டாம்ரானுக்கு 67 வேணும். மலிவா ஒண்ணை மாட்டி லைட் எல்லாம் தெறிச்சுக்கிட்டு வர்ற மாதிரி பண்ணிக்காதீங்க, கோட்டிங் இருக்கறதா கேட்டு வாங்குங்க. ராத்திரி மண்டபத்துல சீரியல் பல்பு எரியற இடத்துல ஃபில்டரைக் கழட்டிடுங்க, பீச்ல மாட்டுங்க. ஹூடு பெட்டிலயே வரும், அது எப்பவும் மேலயே இருக்கட்டும். கடைக்காரர் ஹூடு தனியா காசுன்னு சொன்னா பெட்டியைத் தொறந்து காட்டச் சொல்லுங்க, பில்லுல சீரியல் நம்பர் ஏத்தி வாங்குங்க.